சினை மாட்டுக்கு எத்தனை முட்டை?

பி செக்‌ஷன் மிஸ்ஸுக்கு,

இன்று காலை பள்ளிக்கூட கேட்டை மறித்துக்கொண்டு ஒரு பசு நின்றது. நம் பால்காரர் மாடுதான். மதில் சுவரில் இருந்த சுவரொட்டியை நாக்கால் சுழற்றி இழுத்து, பசையோடு மென்றுகொண்டிருந்தது. மணலிப் பக்கத்திலிருந்து வரும் கெமிக்கல் நாற்றத்தையும் மீறிச் சாணி வாசனை மூக்கில் ஏறியது. உடனே எனக்கு உன்மேல் பொறாமை வந்துவிட்டது. நீ ஐப்பசியில் போனாய், மாசி பிறந்துவிட்டது, இந்தப் பொறாமை மட்டும் போகமாட்டேன் என்கிறது.

மூன்றாம் வகுப்பில் ஏ பிரிவு எனக்கு, பி பிரிவு உனக்கு. நடுவில் சுவர்கூடக் கிடையாது, இரண்டு இரும்பு பீரோதான். உன் பக்கம் பிள்ளைகள் சிரித்தால் என் கரும்பலகை வரைக்கும் கேட்கும். என் பக்கத்துச் சிரிப்பு உனக்குக் கேட்டதாக நீ ஒருநாளும் சொன்னதில்லை.

பசு பாடத்தை நான் சார்ட் வைத்துத்தான் நடத்துவேன். கொம்பு, திமில், மடி, குளம்பு என்று குச்சியால் தொட்டுக் காட்டினால் பிள்ளைகள் கூடவே கத்துவார்கள். அப்படி நான் நடத்திக்கொண்டிருந்த ஒரு நாளில்தான் நீ பால்காரரிடம் சொல்லி மாட்டையே மைதானத்துக்கு வரவழைத்தாய். என் வகுப்பில் பாதிப் பேருக்கு ஒரே சமயத்தில் ஒன்றுக்கு வந்தது. போனவர்கள் யாரும் திரும்பவில்லை. தேடிக்கொண்டு வந்தால் அத்தனை பேரும் உன் மாட்டைச் சுற்றி நிற்கிறார்கள்.

அன்றைக்குத்தானே யாஸ்மின் அதைக் கேட்டாள்? தண்டையார்பேட்டையில் மாட்டுக்கறிக் கடை வைத்திருப்பவர் மகள். "எங்க அத்தா கடைக்கு வர்றது இந்த மாடா மிஸ்?" என்றாள். வம்பு வரப்போகிறது என்று நினைத்தேன். நானாக இருந்தால் பாடத்தில் இல்லாததைக் கேட்காதே என்று உட்கார வைத்திருப்பேன். நீ மாட்டின் இடுப்பில் கையை வைத்தாய்.

"இது பால் மாடு. இடுப்பெலும்பு துருத்திக்கினு கீது பாரு, துன்றதெல்லாம் மடிக்குப் பூடுது. கறிக்குன்னே வளக்கற மாடு தனி ஜாதி. முதுகு பலக மாரி அகலமா, தொட ரெண்டும் திரண்டு நிக்கும். உங்க அத்தா கடைக்கு வர்றது வேல செஞ்சு ஓஞ்ச எருது, எருமை."

"எங்க வூட்ல மாட்டுக்கறி துன்ன மாட்டோம்" என்றாள் இன்னொருத்தி, மூக்கைப் பிடித்துக்கொண்டு.

"துன்றவங்க துன்னட்டும், துன்னாதவங்க வுடட்டும். மாட்டப் பத்தி ரெண்டு பேரும் தெரிஞ்சிக்கலாம்ல?" என்று சொல்லிவிட்டு, மாட்டின் உதட்டைத் தூக்கி, மேல்தாடையில் முன்பல் இல்லாததைக் காட்டப் போய்விட்டாய். இரண்டு பேரும் தலையை முட்டிக்கொண்டு உள்ளே பார்த்தார்கள். எந்த வம்பும் வரவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தாய்.

"இன்னாடி மூஞ்சி இப்டி கீது? வயிறு எரியுதா?"

"ஆமாம்" என்றேன்.

"எரியட்டும். தயிர் சோறு கீது, துன்னு" என்று டப்பாவை என் பக்கம் தள்ளினாய். சடையங்குப்பத்தில் உங்கள் வீட்டு மாட்டுத் தயிர். அதிலாவது ஒரு குறை கண்டுபிடிக்கலாம் என்று பார்த்தேன், அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த வருஷம் நானும் மாட்டை வரவழைத்தேன். பழக்கதோஷம், கையில் சார்ட்டையும் எடுத்துப் போனேன். "இதுதான் மடி" என்று விரித்துக் காட்டுவதற்குள் மாடு எட்டி அதைப் பிடுங்கிவிட்டது. பசு படத்தைப் பசுவே தின்றது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு, அது கணக்கில் வராது. சத்தம் கேட்டு ஓடிவந்தவள் நீ சும்மா இருந்தாயா?

"பாத்தீங்களா பசங்களா, கடிக்கவே இல்ல, நாக்கால சுத்தி இழுக்குது. இப்ப அவசரமா முழுங்கிடும். அப்பறம் ஒக்காந்துகினு திரும்ப வாய்க்குக் கொண்டாந்து நிதானமா அசை போடும்."

சார்ட் மாட்டின் வயிற்றுக்குள் போனது, வகுப்பு உன் கைக்குப் போனது. சாயங்காலம் மீஞ்சூர் ரயிலைப் பிடிக்க நான் நடக்கும்போது நீயும் கூடவே வந்தாய். என் புலம்பலைக் கேட்டுவிட்டு, "நீ கேள்வி கேக்கும்போதே பதில கையில வெச்சிக்கினு நிக்கற. பசங்கள கொஞ்சம் அசை போட வுடுடி" என்றாய். அதற்குள் ரயில் வந்துவிட்டது, ஏறிக்கொண்டேன்.

ஐப்பசி மழையில் காய்ச்சல் என்று லீவு போட்டவள் திரும்பி வரவில்லை. உங்கள் தெருவில் தேங்கிய மழைத்தண்ணீரில் உன் வகுப்புப் பிள்ளைகள் வந்து நின்று, "எங்க மிஸ்ஸு, எங்க மிஸ்ஸு" என்று அழுதார்கள். நானும் அழுதேன். அழுதுகொண்டே, எனக்காக இப்படி அழுவார்களா என்றும் நினைத்தேன். உன்னைக் கிடத்தியிருந்த இடத்தில் நின்றுகொண்டு நினைத்தேன்.

மறுவாரமே இரண்டு பிரிவையும் ஒன்றாக்கி என்னிடம் கொடுத்துவிட்டார்கள். உன் பிள்ளைகளுக்கு 'எங்க மிஸ்' என்றால் இன்னும் நீதான். நான் 'ஏ செக்‌ஷன் மிஸ்'. எத்தனை கதை சொன்னாலும், எத்தனை மிட்டாய் கொடுத்தாலும் ஏ செக்‌ஷன் மிஸ்தான்.

இன்றைக்குப் பசு பாடம். "கேட்டில் நிற்கிறதே, அது சினை மாடு" என்று ஆரம்பித்தேன். உன் வகுப்பிலிருந்து வந்த சங்கீதா எழுந்தாள்.

"உள்ள எத்தினி முட்ட கீது?"

அவள் அம்மா காசிமேட்டில் மீன் விற்பவர். அந்தப் பெண்ணுக்குச் சினை என்றால் மீன் வயிற்றில் இருக்கும் முட்டைதான். "தப்பு, உட்கார்" என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் நீ ரயிலடியில் சொன்னது குறுக்கே வந்தது.

"நீயே சொல்லு, எத்தனை இருக்கும்?" என்றேன்.

அவ்வளவுதான், வகுப்பே கிளம்பிவிட்டது.

"வஞ்சரம் சினையே இம்மாம் பெருசு கீது, மாட்டுக்கு ஒரு குண்டான் வரும்!"

"அத்த வறுக்கலாமா மிஸ்?"

"ஐயே, முட்டைன்னா குஞ்சு வரணும். மாடு இன்னா குஞ்சா போடுது? கன்னுக்குட்டிதான போடுது?"

சங்கீதா நின்றபடியே யோசித்தாள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். எவ்வளவு கஷ்டம் தெரியுமா அது? கடைசியில் அவளே, "அப்ப எங்கம்மா வயித்துல தம்பி இருந்த மாரியா?" என்றாள்.

எல்லோரையும் கேட்டுக்குக் கூட்டிப்போனேன். பால்காரர் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இடது பக்கம் தீனிப்பை, வலது பக்கம்தான் கன்று என்று எனக்குச் சொன்னவள் நீதான். வலது விலாவுக்குக் கீழே சங்கீதாவின் கையை எடுத்து வைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"ஒதைக்குது! உள்ளேந்து ஒதைக்குது!"

ஒரே கூச்சல், ஒரே சிரிப்பு. நாலாம் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னல் கம்பியில் தொங்கினார்கள். அவர்களைப் பார்த்துச் சங்கீதா கத்தினாள்: "எங்க மிஸ்ஸு தொட வுட்டாங்க!"

யாரைச் சொல்கிறாள் என்று நான் திரும்பிப் பார்த்தேன். உன் வகுப்பு வாசலைத்தான் பார்த்தேன், அது காலி. என்னைத்தான் சொல்கிறாள். அங்கே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நீ நின்றிருக்க வேண்டும். உன் முகம் கொஞ்சமாவது சுருங்கியிருக்க வேண்டும். வயிறு எரியுதா என்று நான் கேட்டிருப்பேன்.

டப்பாவில் தயிர் சோறுதான் வைத்திருந்தேனடி.