மலரில் விடுபட்ட வீடு

கொட்டாஞ்சேனை
02.06.2019

அன்புள்ள ஜவாஹிறாவுக்கு,

நோன்பு முடியப்போகிறது. பெருநாளுக்கு வட்டிலப்பம் அனுப்பாமல் இந்த முறை தப்பலாம் என்று நினைக்காதே.

நாம் வளர்ந்த வெள்ளவத்தை ஒழுங்கையின் குடியிருப்போர் சங்கத்துக்கு இந்த ஆண்டு ஐம்பது வயது. பொன்விழா மலருக்கு ஒழுங்கையின் வரலாற்றை நான்தான் எழுத வேண்டுமாம். கொட்டாஞ்சேனைக்குக் குடிவந்த பிறகும் என்னை விடுகிறார்களில்லை. வேல் விழா பார்க்க நாமிருவரும் மதிலில் ஏறி விழுந்ததையும் எழுதிவிட்டேன். எண்பத்து மூன்றில் தமிழரை அடித்த கலவரத்தையும் எழுதினேன். எங்கள் வீடு எரிந்தபோது உன் வாப்பா எங்களை மேல்மாடிச் சாமான் அறையில் ஒளித்துவைத்துச் சோறு போட்டாரே, அது வீட்டு இலக்கத்தோடு வரப்போகிறது. வாப்பாவின் படம் ஒன்று அனுப்பு.

அன்புடன்,
சுபோதினி

வெள்ளவத்தை
09.06.2019

அன்பின் சுபோ,

படம் அனுப்பவில்லை, கோபிக்காதே. வட்டிலப்பமும் செய்யவில்லை. ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு எங்களுக்கு ஏது பெருநாள்?

போன கிழமை சீருடைக்காரர் வந்து வீட்டைப் புரட்டிச் சோதித்தார்கள். சாமான் அறைக்குள் டோர்ச் அடித்து, இங்கே யாரையாவது ஒளித்துவைத்தாயா என்று ஒருவன் கேட்டான். இல்லை என்றேன். மகன் சப்ரியைக் கூட்டிக்கொண்டு போய் அந்திக்குத்தான் விட்டார்கள். பிள்ளை யாரோடும் கதைக்கிறானில்லை. ஃபோனில் சொல்லவும் பயம், அதனால்தான் பக்கத்து வீட்டுப் பாயிஸ் நானாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இந்த வீட்டில் ஆட்களை ஒளித்துவைத்தார்கள் என்று நீ நன்றியோடு எழுதுவாய். அவர்கள் அதை எப்படி வாசிப்பார்கள்? அல்லாஹ்வுக்காக எடுத்துவிடு. வாப்பாவின் பெயரே வேண்டாம். கேட் சத்தம் கேட்டாலே எனக்கு உயிர் போய் வருகிறது.

உன்
ஜவாஹிறா

கொட்டாஞ்சேனை
16.06.2019

அன்புள்ள ஜவாஹிறாவுக்கு,

உன் கடிதம் கண்டு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு சப்ரியை நினைத்தேன். அந்தப் பகுதியை எடுத்துவிட்டேன்.

நேற்றுச் சங்கக் கூட்டத்தில் தலைவர் சவுந்தரநாயகம் மாஸ்டர் விடவில்லை. அவர் கலவரத்துக்குப் பிறகு ஒழுங்கைக்கு வந்தவர். "வீடு எரிஞ்சாப் பிறகு நீங்கள் எங்க, பிள்ளை, நிண்டனீங்கள்? அதையும் எழுதுமன்" என்றார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"அகதி முகாமுக்குப் போயிட்டம், மாஸ்டர். ஒழுங்கையில ஒருத்தற்றை வீட்டிலயும் நிக்கேல்லை" என்றேன். அப்படியே அச்சுக்குப் போகிறது.

சொல்லும்போது என் குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. அன்று பொல்லு தடிகளோடு உங்கள் வாசலில் நின்றவர்களிடம், இங்கே ஒருவருமில்லை என்று வாப்பா சிங்களத்தில் சொன்னதை மேலேயிருந்து கேட்டவள் நான்.

சுபோ