நகத்துக்கு அடியில் இருந்த நடிப்பு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே என் வலது கை மோதிர விரலைத் தவிர எல்லோரும் சுகம். அங்கே நீயும் மருமகளும் முழுச் சுகமாக இருக்க வேண்டும். கையில் பெரிய கட்டு இருப்பதால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். நான் திட்டும் இடத்திலெல்லாம் மரியாதையான சொல்லாகப் பார்த்துப் போடுகிறாள், நீயே கூட்டி வாசித்துக்கொள்.

குளிர்ந்த தண்ணீர் பட்டாலே விரல் நுனியிலிருந்து தோள்வரை உயிர் போகிறது என்று நான் சொன்னபோதெல்லாம், பாத்திரம் கழுவாமல் இருக்க அம்மாவுக்கு நல்ல சாக்கு என்று சிரித்தீர்களே, அந்தச் சாக்கு நகத்துக்கு அடியில் கடுகளவில் உட்கார்ந்திருந்ததப்பா. கழுத்து நரம்பு என்று ஒரு டாக்டர் கழுத்தில் பட்டை மாட்டினார், இன்னொருவர் சத்து மாத்திரை கொடுத்தார், நீயோ போனில் "எல்லாம் மனசுதாம்மா, நல்லா ரெஸ்ட் எடு" என்று ஃபீஸ் வாங்காமல் வைத்தியம் பார்த்தாய். கம்ப்யூட்டர் படித்தவனுக்கு மனசைப் பற்றியும் இவ்வளவு தெரிகிறதே என்று உன் அப்பாவுக்கு ஒரே பெருமை. கடைசியாகப் பார்த்த தோல் டாக்டர் ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும். "எந்த இடம்னு காட்டுங்கம்மா" என்றார். இத்தனை பேரில் அதைக் கேட்டது அவர் ஒருவர்தான். "இவ எப்பவும் கொஞ்சம் நடிப்பு டாக்டர்" என்று உன் அப்பா பக்கத்திலிருந்து எடுத்துக்கொடுத்தார். டாக்டர் காதில் வாங்காமல், நகத்தில் லேசாக நீலம் தெரிகிறது என்று சொல்லிக் குண்டூசித் தலையால் அங்கங்கே தொட்டு வந்தார். ஒரே ஒரு இடத்தில் நான் போட்ட கூச்சலில் உன் அப்பா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். பிறகு ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் சுற்றி, ரத்தம் போகாதபடி இறுக்கிவிட்டு, அதே இடத்தை மறுபடி அழுத்தினார். வலியே இல்லை. "நடிப்புன்னா இப்பவும் கத்தியிருப்பாங்க சார்" என்றார். நகத்துக்கு அடியில் இருந்ததற்குப் பெயர் குளோமஸ் கட்டியாம், மெல்லிய ரத்தக் குழாயில் எப்போதாவது யாருக்காவது வருமாம். நகத்தைத் தூக்கிக் கட்டியை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். சோதனை முடிவு வரும்வரை வீட்டில் ஒருவரும் என்னைக் கேலி செய்யவில்லை, எனக்கு அதுதான் பயமாக இருந்தது. நல்லவேளை, புற்று இல்லை, இனித் தொல்லையும் இருக்காது என்கிறார்கள். இப்போது உன் அப்பாதான் பாத்திரம் கழுவுகிறார். "தண்ணி ரொம்ப சில்லுனு இருக்குடி" என்று முனகினார். எல்லாம் மனசுதான், நல்லா ரெஸ்ட் எடுங்க என்றேன்.

நீங்கள் இருவரும் நோய்நொடி அண்டாமல் நீண்ட காலம் வாழ வேண்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. போன முறை மருமகள் குனிந்தால் இடுப்பில் சுருக்கென்று குத்துகிறது என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, பின்னால் நீ சிரித்தது எனக்கு நன்றாகக் கேட்டது. இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய், எந்த இடம் என்று அவளிடம் கேள்.

இப்படிக்கு,
இடது கையால் கையெழுத்துப் போடும்
உன் அம்மா