மூன்றாம் நாள் தலைவலி

ஆரணி
12.8.1997

நிலாவின் அப்பாவுக்குச் சின்னபொண்ணு எழுதுவது. நானும் நிலாவும் அண்ணன் வீட்டில் நலம். ஆறு வருடம் கழித்து எழுதுகிறேன். கிழித்துப் போடாமல் முழுக்கப் படியுங்கள்.

போன வாரம் ராட்டையில் பட்டு நூல் சுற்றிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிசைந்தது. அண்ணன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டாக்டரம்மா நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை வைத்தார். கடுகைவிடக் கொஞ்சம்தான் பெரியது. இரண்டு நிமிடத்தில், நெஞ்சின்மேல் உட்கார்ந்திருந்தவர் எழுந்து போனது போல இருந்தது. இப்படியொரு மருந்தை நான் கண்டதில்லை. ஆனால் உடனே முகம் சிவந்து, தலை பிளந்து, வாந்தி வந்தது.

“அப்படித்தாம்மா வலிக்கும். கெணத்துல பாறைய ஒடைக்க வெக்கிற தோட்டாவுல இருக்குதே நைட்ரோகிளிசரின், அதான் இது. பயப்படாத, வாயில வெடிக்காது” என்று சிரித்தார்.

“எங்க ஊட்டுக்காரரு அந்த வேலதாங்க செய்றாரு” என்றேன்.

“அப்படியா? ரெண்டு நாள் லீவு உட்டுட்டு வேலைக்குப் போனா அவருக்கும் இப்பிடி வலிக்குமே” என்றார். அதுவரை உங்கள் தலைவலியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

தோட்டாவைத் தொட்டால் மருந்து தோல் வழியாக உள்ளே போகுமாம். தினமும் தொட்டால் உடம்பு பழகிவிடுமாம். இரண்டு நாள் விட்டால் பழக்கம் போய்விடுமாம். அமாவாசைக்கு உங்களுக்கு இரண்டு நாள் கிணற்று வேலை கிடையாது. மூன்றாம் நாள் சாயங்காலம் சிவந்த முகத்தோடு வந்து சுருண்டு படுப்பீர்கள். “தோட்டா தலவலிடி” என்பீர்கள். “தெனம் தொடுற தோட்டா இன்னிக்கு மட்டும் வலிக்குமா? கூட்டாளிங்களோட குடிச்சிட்டு வந்து கத உடுறீங்க” என்று சண்டை போட்டு, ஒரு நாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டேன்.

நீங்கள் சொன்னது உண்மை.

சின்னபொண்ணு


சந்தவாசல்
20.8.1997

சின்னபொண்ணுக்கு,

கடிதம் கிடைத்தது. அந்த மாத்திரையைக் கைக்கு எட்டும் இடத்தில் வை.

இருபது வருடமாக அந்தச் சரக்கோடு இருக்கிறேன். அறுபதடி ஆழத்துக் கருங்கல்லை நாள் முழுக்க இடித்தால் கடப்பாரைதான் மழுங்கும். ஒரு முழம்கூட இல்லாத தோட்டா அதைப் பூசணிக்காய் போலப் பிளக்கும். விரிசலில் தண்ணீர் கசியும்போது எனக்கே கும்பிடத் தோன்றும். அதுவே உன் நெஞ்சுக்குள் சத்தமில்லாமல் வேலை செய்கிறது என்கிறாய். படித்த நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் மணவாளன் மேஸ்திரி, பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க அமாவாசை லீவில் தோட்டா சுற்றிய காகிதத்தைத் தலைப்பாகையில் செருகிக்கொள்வார். மூன்றாம் நாள் அவருக்கு வலி வராது. “நீயும் வெச்சிக்கோடா, ஏன் பேஜார் படுற?” என்பார். லீவு நாளில்தான் நிலா என் தோளில் ஏறி, தலைத்துண்டைப் பிடித்து விளையாடுவாள். அந்த மருந்து அவள் கையில் படக் கூடாதென்று நான் வைத்துக்கொள்ளவில்லை.

மாதா மாதம் நான் சொன்னதை நீ நம்பவில்லை. டாக்டரம்மா ஒரு தடவை சொன்னதும் நம்பிவிட்டாய்.

இன்னொன்றும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். நீ போன பிறகு உண்மையிலேயே குடித்தேன். இரண்டு வருடம். பிறகு விட்டுவிட்டேன். இப்போது தொடுவதில்லை. இதற்கு எந்த டாக்டரும் சாட்சி சொல்ல மாட்டார்.

நிலாவுக்கு என் முத்தம்.

காத்தவராயன்


ஆரணி
2.9.1997

நிலாவின் அப்பாவுக்கு,

டாக்டரம்மாவைப் பற்றி நீங்கள் எழுதிய வரியைப் பத்து நாளாகத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

உங்கள் கடிதத்தை அண்ணனிடம் காட்டினேன். “மணவாளன் மேஸ்திரிக்கு ஒரு கார்டு போடு. இப்ப குடிக்கிறாரா இல்லியான்னு விசாரிச்சிகினு அப்பறம் போ. ஜல்தி என்னா?” என்றார். போஸ்ட் ஆபீசுக்குப் போய்க் கார்டும் வாங்கி வந்துவிட்டார்.

“வேணாண்ணா. உட்டுட்டேன்னு அவரே எழுதிக்கிறாரு இல்ல, அது போதும்” என்றேன்.

அந்தக் கார்டில்தான் உங்களுக்கு இதை எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் நானும் நிலாவும் வருகிறோம்.

சின்னபொண்ணு