பிறேம் போட்ட கடிதம்

பாலையூற்று,
திருகோணமலை.
03.06.2024

அன்பு மகள் சுலக்ஷனா அறிவது,

இறைவன் கிருபையால் அம்மாவும் நானும் இங்கு சுகம். உன் சுகம் அறிய ஆவல் என்று எழுத மாட்டேன். உன் சுகத்தின் லட்சணம் போன கிழமை தெரிந்துவிட்டது. போனில் கேட்கலாம்தான். ஆனால் போன் அடித்தவுடன் அம்மா காதைக் கொண்டுவந்து என் தோளில் வைத்துவிடுவாள். தபாலில் போட்டால் உன் தவணை முடிந்த பிறகுதான் வந்து சேரும். அதனால் கடைக்கார அபூதாஹிரின் மகள் பஸ்னா இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள்.

சித்திரைக் கடைசியில் உன் இத்தாலிக் கல்லூரியிலிருந்து வீட்டு விலாசத்துக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. தடித்த தாள். உச்சியில் ஒரு முத்திரை. அதில் தாடிக்கிழவர் ஒருவர் புத்தகத்தோடு நிற்கிறார், தலையைச் சுற்றி வட்டம், வட்டத்தில் லத்தீன் எழுத்து. உன் அம்மாவுக்கு அவ்வளவு போதும். கலியாண வீடுகளில் பாப்பரசரின் ஆசீர்த்தாள் எடுப்பித்து மாட்டுகிறார்களே, அதுதான் தன் மகளுக்கும் ரோமிலிருந்து வந்திருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டாள். நான் சிரித்தேன். சிரித்தேனே தவிர, எனக்கும் அதில் ஒரு எழுத்து விளங்கவில்லை.

எதற்கும் ஜக்சனைக் கூப்பிட்டோம். இத்தாலியில் பதினெட்டு வருடம் இருந்து வந்து, நிலாவெளி வீதியில் மாபிள் பதித்த வீடு கட்டி, தன்னைத் துரை என்று நம்பிக்கொண்டிருக்கிறவன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உதட்டை அசைத்து அசைத்துத் தாளைப் பார்த்துவிட்டு, “ஓம் மாமி, இது ஆசீர்தான். நல்ல வடிவா எழுதியிருக்கிறாங்கள்” என்றான். பதினெட்டு வருடமாக ஒரே குசினியில் கோப்பை கழுவியவனுக்குக் கழுவு, தூக்கு, வா, போ என்பதற்கு மேல் அந்தப் பாஷையில் ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கம். வெட்கத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

அம்மா டவுணுக்குப் போய்ப் பொன்னிறப் பிறேமும் கண்ணாடியும் போட்டு, திரு இருதயப் படத்துக்குக் கீழே, சிவப்பு பல்ப் வெளிச்சம் படும்படி மாட்டினாள். வைகாசியில் மாதா சுரூபம் வீடு வீடாக வருமல்லவா, நம் வீட்டு முறைக்கு இருபது பேர் வந்தார்கள். செபமாலை முடிந்ததும் ஒருவர் மிச்சமில்லாமல் அந்தக் கண்ணாடியை முத்தமிட்டார்கள். கவரைப் பார்த்தே ஊர் சொல்லுவேன் என்று பெருமை அடிக்கிற தம்பிராசா, அதுதான் அந்த ஓய்வுபெற்ற தபால் அதிபர், புரை விழுந்த இரண்டு கண்ணையும் அதில் ஒற்றிக்கொண்டார். இப்போது கொஞ்சம் தெளிவாகத் தெரிகிறதாம்.

போன செவ்வாய் பஸ்னா பால்மா கொண்டுவந்தாள். அம்மா கோயிலில். அந்தப் பிள்ளை, பாஷை மாற்றித் தரும் என்று விளையாட்டாகப் போனைப் பிறேமுக்கு நேரே பிடித்தாள், திரையில் தமிழ் வந்தது. கேவலமான தமிழ்தான், ஆனால் விளங்கியது. கார்த்திகையிலிருந்து நீ வகுப்புக்கு வரவில்லை. இரண்டு பரீட்சைக்கும் தோற்றவில்லை. யூன் 28க்கு முன் நேரில் வந்து கையெழுத்து வைக்காவிட்டால் பெயரை வெட்டுவார்கள். பஸ்னாவின் முகம் செத்துவிட்டது. “அங்கிள், அன்டிக்குச் சொல்லவோ?” என்றாள். வேண்டாம் என்றேன்.

உடனே ஜக்சனிடம் போனேன். இரண்டு அதட்டலில் கக்கிவிட்டான். அங்கே இருக்கிற அவன் தங்கை தர்ஷனாதான் உன்னை ஒரு கிழவி வீட்டில், அவளைப் பராமரிக்கிற வேலைக்குச் சேர்த்துவிட்டாளாம். கார்த்திகையில் நான் கப்பல் இழுக்கிற டக் போட் ஏணியால் விழுந்து முழங்கால் உடைந்த அதே கிழமை. ஸ்கொலசிப் கூட்டித் தந்திருக்கிறார்கள் அப்பா என்று சொல்லி நீ காசு அனுப்பத் தொடங்கியதும் அதே கிழமை. வீடியோவில் உன் கை முழுக்க வெடித்துச் சிவந்திருந்ததைக் கேட்டபோது குளிர் என்றாய். நாற்பது வருடம் கயிறு இழுத்தவனுக்குக் கையைப் பற்றிப் பொய் சொல்கிறாயே, உனக்கு என்ன துணிச்சல்!

அதோடு விட்டானா ஜக்சன்? “படிச்சு என்ன மாமா கிழிக்கப்போறாள், எங்கட ஆக்களுக்கு அங்க கைவேலைதான் சரி” என்றான். நான் எழும்பி வெளியே வந்துவிட்டேன். வீட்டுக்கு நடந்து வரும் வழியில்தான் உறைத்தது, நீ போகும்போது நான் சொன்னதும் இதே கதைதான். உயர்தரப் பரீட்சையில் அவ்வளவு நல்ல பெறுபேறு எடுத்துவிட்டு இத்தாலி இலக்கியம் படிக்கப் போகிறேன் என்றாய். துறைமுகத்துக்கு வருகிறதெல்லாம் கோதுமைக் கப்பலும் சீமெந்துக் கப்பலும், அவற்றுக்குக் கவிதை வாசித்துக் காட்டப்போகிறாயா என்று கேட்டேன். அந்த மாபிள் வீட்டு மடையன் வாயில் என் வார்த்தையைக் கேட்கும்வரை அது எவ்வளவு நாற்றம் என்று எனக்குத் தெரியவில்லை.

முதல் வருடம் நீ போனில் சொன்னாய், அங்கேயும் பழைய ஆட்கள் ஒவ்வொரு காற்றுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், தெற்கிலிருந்து வருவது சிறொக்கோ என்று. காற்றுக்குப் பெயர் படிக்கவா கப்பல் ஏறாத குறையாகப் போனாய், இங்கே வாடையும் சோழகமும் கச்சானும் இலவசமாகக் கிடைக்கிறதே என்று நக்கலடித்தேன். அடுத்த நாள் தெற்குக் காற்று பலத்தபோது, சிறொக்கோ வருகிறது, கயிற்றை இறுக்குங்கள் என்று போட்டில் கத்தினேன். பொடியன்கள் இன்றுவரை என்னை சிறொக்கோ என்றுதான் கூப்பிடுகிறார்கள். மூடர்கள். நான் மறுத்ததில்லை.

என் முழங்காலைச் சாட்டி நீ படிப்பை விட்டாய் என்றால், அந்த முழங்காலை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? தவக்காலத்திலிருந்து நான் வேலைக்குப் போகிறேன். போட்டில் ஏற ஏலாது, துறைமுக ஜெட்டியில் நின்று கயிறு கொடுக்கிறேன். அதற்குச் சம்பளம் தருகிறார்கள். நீ இனி ஒன்றும் அனுப்ப வேண்டாம், அனுப்பினால் திருப்பி அனுப்புவேன்.

அந்தக் கிழவி பாவம், அவள் மேல் எனக்குக் கோபமில்லை. அவளுக்கு நல்ல ஆளாக ஒருத்தியைப் பார்த்து விட்டுவிட்டு, 28க்கு முன் போய்க் கையெழுத்து வை. கேட்டால் அப்பனுக்குச் சுகமில்லை என்று சொல். அழவேண்டி வந்தால் அழு. பரீட்சையில் பெயிலானாலும் பரவாயில்லை, எழுதிப் பெயிலாகு.

ஒவ்வொரு பின்னேரமும் அம்மா அந்தப் பிறேமுக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தி, மகளுக்காகச் செபிக்க என்னையும் கூப்பிடுகிறாள். உன் பெயரை வெட்டப்போகிறோம் என்று எழுதின தாளுக்கு முன்னால், தைத்த முழங்காலை மடக்கி, ஊரில் உள்ள எல்லா மூடர்களிலும் பெரிய மூடனாக நானும் முழந்தாளிடுகிறேன். இப்போது எனக்கு வாசிக்கவும் தெரியும் என்பதுதான் கொடுமை.

பிறேம் நீளம் பதினான்கு அங்குலம், அகலம் பத்து. அதே கிழவர் முத்திரையோடு, நீ பாஸ் என்று ஒரு தாள் வரட்டும். எத்தனை வருடம் ஆனாலும் சரி. அம்மா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து மாற்றிவிடுகிறேன். அதுவரை இந்த முழங்கால் தாங்க ஆண்டவர் அருள் செய்யட்டும், உன்னை மாதா காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
சி. பேணாட்