படியில் கையை உயர்த்தி நின்றது யார்?

என் அன்பு அப்பாவுக்கு,

மரண அறிவித்தல். அகதி முகாமின் பழைய உடுப்புப் பெட்டியைப் பிறப்பிடமாகவும், டென்மார்க் ரீபே நகரின் பழைய தெருவை வதிவிடமாகவும் கொண்ட உங்கள் மண்ணிற ஸ்வெட்டர், சென்ற சனிக்கிழமை சலவை இயந்திரத்தில் அகால மரணமடைந்தது. அன்னார் நீலக் காற்சட்டையின் பாசமிகு தோழரும், கம்பளித் தொப்பியின் அன்பு அண்ணனும் ஆவார். வெந்நீர்ப் பொத்தானை அழுத்தியவர் அடியேன். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் ஏற்றுக்கொள்ளவும்.

பதறாதீர்கள். சுருங்கிய உடல் வீணாகவில்லை. இப்போது அது தங்கச்சிக்கு அளவாக இருக்கிறது. ஓம் அப்பா, தங்கச்சிக்குத்தான். அம்மாவும் அவளும் வந்துவிட்டார்கள்.

உங்கள் ஆண்டு நினைவுக்குத் தமிழ்ச் சங்கத்துப் பத்திரிகையில் போட ஒரு கடிதம் எழுதித் தரும்படி ஓகூஸ் நகரத்துச் சந்திரன் மாமா கேட்டார். "பகிடி விடாமல் எழுதடா" என்றும் சொன்னார். முதல் பந்தியிலேயே தோற்றுவிட்டேன்.

நீங்கள் இருந்தவரை அசையாத கோப்பு, நீங்கள் அசையாமல் போன பிறகு அசைந்தது. பேப்பரில் இப்போது எங்கள் கதைதான். குடும்பத்தைக் கூப்பிடக் கேட்டு நம்மவர்கள் போட்ட விண்ணப்பங்களை இந்நாட்டு நீதி அமைச்சில் வேண்டுமென்றே நகர்த்தாமல் வைத்திருந்தார்களாம். யார் சொல்லி வைத்திருந்தார்கள் என்று கேள்வி கேட்கிறார்களாம். அதற்குத் 'தமிழ் வழக்கு' என்று பெயர். எனக்கு எழுத்து வழக்கு, பேச்சு வழக்கு என்று இரண்டுதான் தெரியும். இது மூன்றாவது. எழுத்தும் இல்லாமல் பேச்சும் இல்லாமல் உங்களை வாசலில் நிற்கவைத்த வழக்கு.

அந்த வாசலில் ஒவ்வொரு காலையும் நீங்கள் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். தபால்காரர் ஐனார் தெருமுனையில் திரும்பும்போதே, கடிதம் இல்லை என்று தலையை ஆட்டிவிடுவார். அப்படியும் அவர் கிட்ட வரும்வரை நிற்பீர்கள். ஒருவேளை பையின் அடியில் கிடந்தால்?

அம்மாவுக்கு இது தெரியாது. தெரிந்தாலும் நம்புவதாக இல்லை. உங்கள் படத்துக்கு விளக்கு வைக்கிறார், படத்தைப் பார்ப்பதில்லை. வந்த நாள் முதல் உங்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானே ஒருநாள் தொடங்கினேன்.

"அப்பா ஒவ்வொரு நாளும் கடிதத்துக்குப் பாத்துக்கொண்டு நிண்டவர் அம்மா."

"நாங்களும்தான் கொழும்பு லொட்ஜில நிண்டனாங்கள். கூப்பிடுறன், கூப்பிடுறன் எண்டு எழுதினவர். எழுதுறதுக்கென்ன, பேனையும் பேப்பரும் இருந்தாக் காணும்."

லொட்ஜில் யாரோ ஊதிவிட்டிருக்கிறார்கள். மனம் வைத்த ஆண்கள் கூப்பிட்டுவிட்டார்கள், மற்றவர்களுக்கு மறதி வந்துவிட்டது என்று. அம்மா அதை நம்பி அழுது, அழுது முடித்து, காய்ந்துபோய் வந்திருக்கிறார். எனக்கு நித்திரை வராத விஷயம் இதுதான் அப்பா. மற்றதெல்லாம் சோடனை.

சோடனை என்றதும் ஞாபகம் வருகிறது. எனக்கு உத்தியோகம் கிடைத்திருக்கிறது. கோடையில் எங்கள் யன்னலுக்குக் கீழே போகுமே, அந்த இரவு ஊர்வலம்? நீளக் கறுப்புக் கோட்டும், ஒரு கையில் லாந்தரும், மறு கையில் முள்ளுக்குண்டு பூட்டிய தடியுமாக நடுக்கால நகரக் காவலாளி முன்னால் பாடிக்கொண்டு நடப்பார். உல்லாசப் பயணிகள் பின்னால் வருவார்கள். காவலாளி வேறு யாருமில்லை, நம்முடைய தபால்கார ஐனார்தான். "பகல்ல கடிதம் கொண்டு வராதவன், இரவில வேலோட வாறான்" என்று சொல்வீர்களே, அவரேதான். இந்த வருடம் அவருக்குப் பக்கத்தில் முகம் முழுக்க முக்காடு போட்டு நடக்கிற கொலைக்களச் சேவகன், உங்கள் திருக்குமாரன்.

இரவு நடை என்று பெயர், ஆனால் ஆனி மாதத்தில் டென்மார்க்குக்கு இரவு வருவதில்லை. பட்டப்பகல் வெளிச்சத்தில் லாந்தர் பிடித்துக்கொண்டு, சரிந்து நிற்கிற மரச்சட்ட வீடுகளுக்கு இடையால் போகிறோம். நான் முக்காட்டுக்குள் ஏழாம் வாய்ப்பாட்டை முணுமுணுப்பேன். சனம் அதைப் பழைய லத்தீன் மந்திரம் என்று நினைத்து மெய்சிலிர்க்கும். சந்தியில் நான் கூட்டத்தைப் பார்த்து ஒருவரை நோக்கி விரலை நீட்டவேண்டும். அவர்தான் அன்றைய திருடன். ஐனார் அவரைப் 'பிடிப்பார்', எல்லாரும் சிரிப்பார்கள். அவ்வளவுதான் வேலை.

இந்த ஊர்வலத்தை நாம் முதன்முதலில் கண்ட இரவு நினைவிருக்கிறதா? இந்த வீட்டுக்கு வந்த முதல் இரவு. அது ஆவணிக் கடைசி, நல்ல இருட்டு. கீழே காலடிச் சத்தம், பிறகு வெளிச்சம், பிறகு ஒருவன் அதட்டிப் பாடுகிறான். எட்டிப் பார்த்தால் ஆயுதத்தோடு ஒரு ஆள், பின்னால் கூட்டம், பக்கத்தில் முகம் மூடிய ஒருவன் எங்கள் யன்னலை நோக்கி விரலை நீட்டுகிறான். அந்த நாளில் இந்த வீட்டில் மரண தண்டனை நிறைவேற்றுகிற கொலைக்களக்காரன் குடியிருந்தானாம், அதைக் காட்டினான். எங்களுக்கு அது எப்படித் தெரியும்? ஊரில் சுற்றிவளைப்பு நாட்களில் இராணுவத்தோடு சாக்கால் முகத்தை மூடிய தலையாட்டி ஒருவன் வருவான். யாரைப் பார்த்து அவன் தலையாட்டினானோ, அவர் வீடு திரும்பமாட்டார். அவன் விமானம் ஏறி டென்மார்க்குக்கும் வந்துவிட்டான் என்றல்லவா நினைத்தோம்!

மிச்சக் கதையைச் சங்கத்தில் கேட்காத ஆள் இல்லை. நீங்கள் கட்டிலுக்குக் கீழே பாய்ந்தீர்கள். நான் சாரத்தோடு கீழே இறங்கி, படியில் நின்று, அடையாள அட்டையைப் பிடித்தபடி இரண்டு கையையும் உயர்த்தினேன். சனம் இதுவும் நாடகத்தின் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டியது. நான் குனிந்து வணக்கம் போட்டேன். இதைச் சொல்லும்போதெல்லாம் மாமாமார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நீங்களும் சிரிப்பீர்கள்.

சரி, இந்த ஆனியில் நடந்ததைக் கேளுங்கள். அம்மா பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு படி இறங்குவதில்லை. எப்படியாவது வெளியே கொண்டுவர வேண்டும் என்று நினைத்தேன். "ஊர்வலம் ஒண்டு வருது, சந்தியில நிண்டு பாருங்கோ, நானும் வருவன்" என்று மட்டும் சொன்னேன். முக்காட்டைப் பற்றிச் சொல்லவில்லை. அம்மாவை நோக்கி விரலை நீட்டி, அவர் திகைக்கும்போது முக்காட்டைக் கழற்றி "நான்தான்!" என்று கத்துவதாகத் திட்டம். என் திட்டங்களை நீங்கள் அறிவீர்கள்.

விரலை நீட்டினேன்.

அம்மா திகைக்கவில்லை அப்பா. தங்கச்சியின் கையை உதறினார். அவளைப் பக்கத்தில் நின்ற டெனிஷ்காரியின் பக்கம் தள்ளிவிட்டு, விலகி முன்னால் வந்தார், அந்தப் பிள்ளை தன்னுடையதே இல்லை என்பதுபோல. கைப்பையைத் திறந்து அடையாள அட்டையை எடுத்து உயர்த்திப் பிடித்தார். மற்றக் கையும் மேலே போனது. வெள்ளை வெளிச்சம், மணிக்கூட்டில் பத்து மணி. சனம் கைதட்டியது.

கழற்ற வேண்டிய முக்காடு கழலவில்லை. என் கைதான் வரவில்லை. ஐனார்தான் லாந்தரைக் கீழே வைத்து, தொப்பியைக் கழற்றி, அம்மாவுக்குத் தலை குனிந்தார். தங்கச்சி ஓடிவந்து என் முக்காட்டை இழுத்தாள். "அம்மா, இது அண்ணா! எங்கட அண்ணா!" அம்மா கிட்ட வந்து என் முகத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு கன்னத்தில் ஒரு அறை. அதற்கும் கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்தும் அம்மா அடையாள அட்டையைக் கைப்பைக்குள் வைக்கவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன், பாதி போனது கோப்பைக்கு வெளியே. என்ன செய்வது என்று தெரியாமல், எனக்குத் தெரிந்த ஒரே மருந்தை எடுத்தேன். முதல் இரவுக் கதையைச் சொன்னேன், சங்கத்தில் சொல்கிற மாதிரியே.

அம்மா சிரித்தார். வந்தபிறகு முதல் சிரிப்பு. "கொப்பர் கட்டிலுக்குக் கீழயோ?" என்று கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"பிள்ளையை வெளிய விட்டிட்டுத் தான் கட்டிலுக்குக் கீழ," என்றார். "அதுதான்ரா அவர். எங்களையும் அப்பிடித்தான் விட்டவர்."

எழுந்து போய் விளக்கை அணைத்தார். நான் சிந்திய தேத்தண்ணியைத் துடைத்தேன். 

அடுத்த நாள் ஐனாரிடம் முக்காட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவர் தபால்களைப் பிரித்தபடியே சொன்னார்: "உன் அப்பாவும் இப்படித்தான் நின்றார். அதற்குப் பிறகு நான் உங்கள் யன்னலுக்குக் கீழே நின்று பாடியதில்லை, கவனித்தாயா? அன்று அவர் ஆங்கிலத்தில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் மட்டும்தான், மேலே ஒருவரும் இல்லை, நான் மட்டும்தான் என்று."

நான் அதைக் கேட்டிருக்கவில்லை அப்பா. எப்படிக் கேட்பேன்?

மாமாமாரே, சங்கத்து அன்பர்களே, நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டிலுக்குக் கீழே கிடந்தது நான். காதைப் பொத்திக்கொண்டு கிடந்தேன். அப்பாதான் "கட்டிலுக்குக் கீழ போய்ப் படு, ஆர் கூப்பிட்டாலும் வராத" என்று சொல்லி, கதவை வெளியால் பூட்டி, திறப்பைக் கதவுக்குக் கீழால் உள்ளே தள்ளிவிட்டு, தனியே இறங்கிப் போனார். சங்கத்து முதற்கூட்டத்தில் நான் ஆளை மாற்றிக் கதை சொன்னபோது என்னை ஒருதரம் பார்த்தீர்கள் அப்பா. பிறகு எல்லாருக்கும் முன்னால், "ஓமோம், நல்லாத்தான் பயந்திட்டன்" என்றீர்கள். அன்றிலிருந்து நான் வீரன்.

இந்தப் பத்திரிகை அச்சுக்குப் போவதற்கு முன், இக்கடிதத்தை அம்மாவுக்கு நானே வாசித்துக் காட்டுவேன். இந்த ஞாயிற்றுக்கிழமை, உங்கள் படத்துக்கு முன்னால், தங்கச்சி அந்த ஸ்வெட்டரோடு பக்கத்தில் இருக்க. அவளை அம்மா தள்ளிவிட்டதும், நீங்கள் என்னை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டியதும் ஒன்றுதான் என்று சொல்வேன். அதற்குப் பிறகு அம்மா என்ன செய்கிறார் என்று நான் உங்களுக்கு எழுதத் தேவையில்லை. அவர் நிமிர்ந்து படத்தைப் பார்த்தால், முதலில் தெரியப்போவது உங்களுக்குத்தானே?

கட்டிலுக்குக் கீழே கிடந்த
உங்கள் மகன்,
வசி