எல்லைச்சாமியின் எண்

தை 9, திங்கள்

காலையில் நல்ல வெயில், மலைமேல் மட்டும் மூட்டம். துறையூரிலிருந்து புளியஞ்சோலை வரை மாட்டுவண்டி. அதற்குமேல் நடை. முழங்கால் இரண்டும் இப்போது எனக்குச் சொந்தமில்லை.

கொண்டுவந்தவை: கேமரா, முக்காலி, கறுப்புத் துணி, கண்ணாடித் தகடு ஆறு, அவல், வேட்டி இரண்டு. மறந்தது: கம்பளி. புத்தி!

கேமராப் பெட்டியைத் தலையில் வைத்து முன்னே நடந்தவர் வெள்ளையன் (இனி வெ.). மலைமேல் வளப்பூர் நாட்டில் சாமையும் மிளகும் பயிரிடுகிறவர். அவருக்காகத்தான் இந்த ஏற்றம். அவர் நிலம் சர்க்கார் காட்டுக்குள் வருகிறதாம், காலி செய் என்று ரேஞ்சர் நோட்டீசு. எல்லைக்கல் 118 அவர் நிலத்துக்கு மேலே நின்றால் நிலம் அவருக்கு. கீழே ஓடையோரம் என்றால் காட்டுக்கு. கல்லே கிடையாது, ஓடைதான் எல்லை என்கிறார் ரேஞ்சர். அடுத்த திங்கள் நாமக்கல்லில் விசாரணை. விசாரிக்கும் துரை மலையேற மாட்டார்.

"கல்லை எண்ணோடு படம் பிடித்து வாரும். உமக்குத்தான் துருவும் தேய்ந்த எழுத்தும் பிடிக்குமே" என்று வெ.யின் வக்கீல் என்னைப் பிடித்துவிட்டார். உண்மைதான். கல்யாண ஜோடிகளை எடுத்துப் பிழைப்பு. ஆசைக்கு எடுப்பது பழைய பூட்டும் பாசி தின்ற மைல்கல்லும். "மூஞ்சியப் புடிக்கச் சொன்னா துருவப் புடிக்கிற மனுசன்" என்பாள் என் வீட்டுக்காரி.

வழியிலேயே மூன்று தகடு காலி. எழுதவே கூசுகிறது.
1. அடிவாரத்தில் ஏதோ உத்தரவு எழுதிய இரும்புப் பலகை. துரு தின்றதுபோக மிச்சம் "கூடாது" மட்டும்.
2. மைல்கல். ஏழின் தலை மட்டும் தெரிகிறது.
3. மண்ணெண்ணெய்த் தகரத்தால் ஒட்டுப்போட்ட கதவு. எழுத்தெல்லாம் தலைகீழ், ஆணிக்குக் கீழே துரு வழிந்த கோடு.

ஆசை வெட்கமறியாது. மிச்சம் மூன்று.

தை 10, செவ்வாய்

குளிர். பல் தந்தியடிக்கிறது. வெ.யின் மனைவி பொன்னாயி சுக்குத்தண்ணீர் தந்தாள். "குடிங்க சாமி, நடுக்கம் நின்னுரும்."

கல்லைப் பார்த்தேன். தலையில் கைவைத்து உட்கார்ந்தேன்.

கல் இருக்கிறது. முழங்கால் உயரம். அடியிலிருந்து உச்சிவரை விளக்கெண்ணெயும் மஞ்சளும் இறுகி, கட்டைவிரல் கனத்துக்குக் கருப்பு ஓடு. அதன் தலையில் அடித்திருந்த இரும்பு முளை துருவேறிச் சிவந்து, அதில் ஓர் எலுமிச்சம்பழம். எல்லைச்சாமியாம்!

விஷயம் இதுதான். பல வருஷம் முன்பு அளவைக்காரர்கள் நட்டுவிட்டுப் போன கல். அவர்கள் போன வாரமே நல்ல மழை, அந்த வருஷம் சாமை கொட்டோ கொட்டு என்று கொட்டியிருக்கிறது. உடம்பில் எழுத்தோடு வந்த கல் சும்மா வந்திருக்குமா? பொங்கல் வைத்துவிட்டார்கள். பிறகு ரேஞ்சர் கல்லைத் தேடி வந்தபோது, "இங்க கல்லு ஏதுமில்லீங்க, சாமிதான் இருக்குது" என்று வெ.யே கைகூப்பிச் சொல்லியிருக்கிறார். தன் வாயாலேயே! அதைத்தான் ரேஞ்சர் எழுதிக்கொண்டு போயிருக்கிறார்.

"ஏனய்யா அப்படிச் சொன்னீர்?"

"சாமியப் போயி கல்லுன்னு சொல்லலாமுங்களா?"

வக்கீல் துருவிக் கேட்டபிறகுதான், சாமி உடம்பில் ஏதோ வெட்டியிருந்தது என்று பொன்னாயிக்கு நினைவு வந்ததாம்.

சூரிக்கத்தியை எடுத்தேன். பூசாரி சின்னான் குறுக்கே வந்து நின்றார். பொன்னாயியின் தம்பி. "இரும்பு படக்கூடாதுங்க. சாமியக் கேட்டுத்தான் எதுவும்." பூ வைத்துக் கேட்டார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்பு ஒரு பொட்டலம். சுரண்டலாமா என்று கேட்டு எடுத்தால் சிவப்பு. உத்தரவில்லை.

கத்திவிட்டேன். "நிலமே போகப்போகிறது, நீர் பூவைப் பார்க்கிறீர்!"

"நெலமே சாமி குடுத்ததுதானுங்க" என்றார் சின்னான், சாந்தமாக. அதுதான் இன்னும் எரிச்சல். அதே கோபத்தில் தகட்டுப் பெட்டியைத் தரையில் டொக்கென்று வைத்தேன். ஒரு தகடு விரிசல். மிச்சம் இரண்டு. என் கொழுப்பு, யாரைச் சொல்ல?

இரண்டும் வேண்டும். எண் தெரிய ஒன்று, கல்லும் நிலமும் வீடும் சேர்ந்து தெரிய ஒன்று. ஒன்று பிசகினாலும் வெ.யின் நிலம் போச்சு.

தை 11, புதன்

விடிந்ததும் பொன்னாயி தம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"சொரண்டலாமான்னு கேட்டா எந்தச் சாமிடா ஒத்துக்கும்? உன்னையச் சொரண்டுனா ஒத்துக்குவியா? குளிக்கறயா சாமின்னு கேளு."

சின்னான் தலையைச் சொறிந்தார். மறுபடி பூ. நான் பார்க்கவில்லை, பாறைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். குலவைச் சத்தம் கேட்டதும் திரும்பினேன். வெள்ளை!

மூன்று அண்டா வெந்நீர், அரப்பு, தேங்காய் நார். ஓடு ஊறிப் பாளம் பாளமாக விழுந்தது. அம்புக்குறி. அதன் கீழ் 1. இன்னொரு 1. பிறகு 8. நேற்றுத்தான் வெட்டியதோ என்று இருந்தது. மழையில் நின்ற மற்ற எல்லைக்கற்களை வழியில் பார்த்தேனே, எல்லாம் மொட்டை. இதை எண்ணெயும் மஞ்சளும் காப்பாற்றியிருக்கின்றன. முளையிலிருந்து இறங்கிய துருக்கறை எட்டின் வயிறு வரை. அழகென்றால் அழகு. இவர்கள் கும்பிட்டதில் எனக்கு ஒரு ஆச்சரியமும் இல்லை இப்போது.

ஆனால் கல்லும் சாம்பல், வெட்டும் சாம்பல். வெயில் சாய்ந்து விழுந்தால்தான் படத்தில் எண் எழும்பும்.

"சாமை மாவ அதுல அப்பிட்டா பளிச்சுனு தெரியுமுங்களே?" என்றாள் பொன்னாயி. கெட்டிக்காரி. வேண்டாம் என்றேன். நீங்களே எழுதிவிட்டதாகச் சொல்லிவிடுவார்கள்.

முக்காலியை நட்டேன். மூட்டம் இறங்கியது. பத்தடி தள்ளி நின்ற வெ.யே தெரியவில்லை. மாலைவரை அப்படியே.

தை 12, வியாழன்

மூட்டம். மூட்டம். களியும் கீரையும். மூட்டம்.

மா. 4க்கு மேல் மேற்கே கொஞ்சம் கிழிந்தது. வெயில் பக்கவாட்டில் கல்மேல் விழ, மூன்று எண்ணும் நிழல் பிடித்து நின்றன. முதல் தகடு. ஓடிப்போய் முக்காலியை மாற்றி, வெ.யைக் கல்லருகே நிறுத்தி, "அசையாதீர், மூச்சும் விடாதீர்" என்று இரண்டாவது. முடிந்தது. தகட்டை மூடிப் பெட்டியில் வைக்கும் மும்முரத்தில் அவரை மறந்தேபோனேன்.

"ஏனுங்க, மூச்சு வுட்டுக்கலாமுங்களா?"

சின்னான் உருண்டு புரண்டு சிரித்தார். நானும்தான்.

சிரிப்பெல்லாம் சரி. கழுவிப் பார்க்கும்வரை எதுவும் நிச்சயமில்லை.

தை 14, சனி

நேற்று இறங்கினோம். பெட்டியை என் மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

இன்று கா. 10, இருட்டறை. மருந்துத் தட்டில் முதல் தகடு. ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. பிறகு ஓர் ஓரம் கருத்தது. எட்டின் வயிறு! அப்பாடா என்று கத்தியே விட்டேன். இரண்டாவதும் பழுதில்லை.

பிற்பகல் தாளில் அச்செடுத்துக் காயவைத்தேன். இது என்ன எண் என்று யாரிடமாவது கேட்டுப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கையில் வீட்டுக்காரி துணி உலர்த்த வந்தாள். எட்டிப் பார்த்தாள். "நூத்திப் பதினெட்டு. இந்தத் துருவுக்கா ஒரு வாரம் குளிர்ல கெடந்தீங்க?"

கேட்காமலே படித்துவிட்டாள். பிறகு மாலைவரை நான் தூங்கியதுபோல் இந்த வருஷம் தூங்கவில்லை.

தை 16, திங்கள்

நாமக்கல். வெயில் சுள்ளென்று. துரை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார், வரைபடத்தைப் பார்த்தார், மறுபடி படத்தை. பிறகு ரேஞ்சரிடம் நீட்டினார். அவர் நல்ல மனிதர். பார்த்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். "இந்தச் சாமிக்கு நானே கற்பூரம் ஏற்றிவிட்டுத்தான் கல்லைத் தேடினேன்" என்றார் வக்கீல் காதில்.

நிலம் காட்டெல்லைக்கு வெளியே என்று உத்தரவு. என் கால் இப்போதுதான் தரையில் பாவுகிறது.

வெளியே வந்ததும், வாரும், ஓட்டலில் சாப்பிடலாம் என்றேன். வெ. உட்காரவே இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"இல்லீங்க, நான் வாரேன். ஊட்ல எல்லாத்தையும் மூட்டை கட்டி வெச்சுப்போட்டு உக்காந்திருக்கறாங்க. போயி அவுக்கச் சொல்லோணும்."

அவர் வீட்டு மூலையில் கிடந்த அந்த மூட்டைகளில் சாய்ந்துதான் மூன்று நாளும் சுக்குத்தண்ணீர் குடித்தேன். சாமை என்று நினைத்திருந்தேன்.