முழு அடி, அரை அடி

அக்கா,

நேற்று மேல் வீட்டை ஒழித்துக் கழுவினேன். குளியலறையில் முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னால் கையை விட்டுத் துடைத்தபோது அந்தச் சின்னப் பழுப்புப் பாட்டில் விரலில் தட்டுப்பட்டது. அடியில் கொஞ்சம் மருந்து இறுகிப்போய் இருந்தது. மூடியைத் திருகியதும் நகப்பூச்சும் ஸ்பிரிட்டும் கலந்தது போன்ற அந்த வாடை. உடனே உங்கள் வலது குதிகாலின் கனம் என் மடிமேல் வந்து உட்கார்ந்தது. நினைப்பைச் சொல்லவில்லை அக்கா, கனத்தைத்தான் சொல்கிறேன். பாட்டிலை மூடிய பிறகும் அது போகச் சற்று நேரம் ஆனது.

ஒன்பது வருடம் நீங்கள் மேலே, நான் கீழே. கணபதி பகுதியில் எங்கள் வீட்டு மாடிக்கு நீங்களும் உங்கள் வீட்டுக்கார அண்ணாவும் குடிவந்த அன்று உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று தயங்கி நின்றேன். "அக்கான்னே கூப்புடு கண்ணு" என்றீர்கள். அண்ணா பம்ப் செட் கம்பெனியில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். அளந்து அளந்துதான் பேசுவார். நான் முன்னறையில் பிளவுஸ் தைத்துக்கொண்டிருப்பேன். கரண்ட் போனால் மிஷினும் ஃபேனும் ஒன்றாக நிற்கும். அப்போது தலைக்கு மேல் உங்கள் நடை மட்டும் கேட்கும். நல்ல உயரம் நீங்கள், அண்ணாவுக்குச் சமமான பாதம். சமையலறையிலிருந்து பால்கனிக்கு உங்களுக்குப் பதினோரு அடி.

ஒரு சாயங்காலம் படியிறங்கி வந்து என் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள்.

"ஏனுங் கண்ணு, என்ர குதிகால்ல முள்ளு ஏறிப்போச்சாட்ட இருக்குது. என்னன்னு சித்தப் பாரு."

வலது காலை என் மடியில் வைத்தீர்கள். கடலைப்பருப்பு அளவுக்குத் தோல் தடித்து மஞ்சள் பூத்திருந்தது. அதற்குள் கறுப்புப் புள்ளிகள். முள்ளின் முனைகள் என்றே நானும் நம்பினேன். தையல் ஊசியால் கிளறினேன். ரத்தம்தான் வந்தது. மறுநாள் அண்ணா அதைக் கால் ஆணி என்று சொல்லிப் பிளேடால் சீவினார், கால் தேய்க்கும் கல்லால் தேய்த்துவிட்டார். பத்து நாளில் அது திரும்ப வளர்ந்தது, புள்ளிகள் இன்னும் கூடுதலாக.

"அரிய அரிய மொளைக்குது கண்ணு. உள்ளார என்னமோ உசுரோட இருக்குது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தோல் மருத்துவரிடம் உங்களை இழுத்துக்கொண்டு போனது நான்தான். சின்னப் பெண் அவர். உங்கள் குதிகாலை விளக்குக்குக் கீழே திருப்பிப் பார்த்தார். நேராக அமுக்கினார், உங்கள் முகம் மாறவில்லை. இரண்டு பக்கமும் சேர்த்துக் கிள்ளினார். கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"இது ஆணி இல்லீங்கம்மா, மரு. ஆணிய நேரா அமுக்குனா வலிக்கும், மருவக் கிள்ளுனா வலிக்கும். இந்தக் கறுப்புப் புள்ளி முள்ளு இல்லீங்க. சின்னச் சின்ன ரத்தக் குழாய், உள்ளயே ரத்தம் உறைஞ்சு நிக்குது. பாதத்து ரேகை எல்லாம் இதுகிட்ட வந்து நின்னுபோகுது பாருங்க, உள்ள போகாது."

அது ஒரு வைரஸ் என்றார். ஈரத் தரையில், செருப்பில், தேய்க்கும் கல்லில் ஒட்டிக்கொண்டு இன்னொருவர் தோலின் சின்ன வெடிப்புக்குள் நுழையுமாம். நுழைந்து மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாமல் இருக்குமாம். உடம்பு அதைக் கண்டுபிடித்துவிட்டால் ஒரு நாள் தானாகவே போய்விடும், அதுவரை ஒளிந்திருக்கும் என்றார். பிளேடு கூடாது, கல்லை வேறு யாரும் தொடக் கூடாது, செருப்பு உங்களுக்கென்று தனியாக இருக்க வேண்டும். வெந்நீரில் காலை ஊறவைத்து, செத்த தோலை அரத்தால் மெல்லத் தேய்த்து, மருவின் மேல் மட்டும் ஒரு சொட்டு மருந்து, அதன் மேல் பிளாஸ்திரி. மூன்று மாதமாவது பொறுமையாகச் செய்யச் சொன்னார்.

ஆறு வாரம் செய்தீர்கள். சொட்டு வைக்க மட்டும் கீழே வருவீர்கள், கை உதறாமல் வைக்க என்னால்தான் முடியும் என்று. மொசைக் தரை வலிக்கிறது என்று வீட்டுக்குள் போட நீல ரப்பர் செருப்பு வாங்கினீர்கள். குதிகாலை ஊன்றாமல் நடந்ததில் உங்கள் நடை மாறிப்போனது. இடது கால் 'தப்' என்று முழுசாக விழும், வலது கால் 'சரக்' என்று பாதிதான் விழும். தப், சரக். கரண்ட் போன மத்தியானங்களில் கேட்டுக் கேட்டு என் காது அதற்குப் பழகிவிட்டது.

ஆறாவது வாரத்தில் அலுத்துவிட்டீர்கள். சென்னிமலைப் பக்கம் உங்கள் ஊர்க் கோயிலில் உப்பும் மிளகும் கொட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தால் மரு உதிர்ந்துவிடும் என்று உங்கள் சின்னம்மா சொன்னார்களாம். எனக்கு நம்பிக்கை இல்லை, இருந்தாலும் துணைக்கு வந்தேன். நல்ல வெயில். கோயிலில் நம் இருவரையும் தவிர யாரும் இல்லை. கொட்டினீர்கள், திரும்பினீர்கள், நடந்தோம். வேப்பமரத்தைத் தாண்டும்போது சட்டென்று நின்று திரும்பிப் பார்த்தீர்கள்.

"ஏங்க்கா பாத்தீங்க?"

"யாரோ என்ர பேரச் சொல்லிக் கூப்புட்டாங்க கண்ணு. உனக்குக் கேக்குலயா?"

கேட்கவில்லை என்றேன். எனக்கும் கேட்டது அக்கா. பயந்துபோய்த்தான் அப்படிச் சொன்னேன். இதை யாரிடமும் இதுவரை நான் சொன்னதில்லை.

தை மாதத்தில் ஒரு காலை, காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே சாய்ந்துவிட்டீர்கள். மருவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, இதயம் நின்றது. மருத்துவர் சொன்னார், எனக்கும் தெரியும். தெரிந்தும் அந்த வேப்பமரத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

உங்களைக் குளிப்பாட்டும்போது கால்மாட்டில் நான் நின்றேன். தண்ணீர் பட்டுத் தோல் வெளுத்ததும் அந்தக் கறுப்புப் புள்ளிகள் எண்ணுகிற மாதிரி தெரிந்தன. புடவை சுற்றி முடித்த பிறகு அண்ணா உள்ளே வந்தார். பெண்கள் விலகி நின்றார்கள். அவர் உங்கள் காலடியில் உட்கார்ந்து, அந்த இடத்தை இரண்டு விரலால் சேர்த்துக் கிள்ளினார். கிள்ளிவிட்டு உங்கள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ தோளைத் தொட்டு எழுப்பினார்கள்.

காரியம் முடிந்ததும் உங்கள் மகன் அவரைத் தன்னோடு மேட்டுப்பாளையத்துக்குக் கூட்டிப்போனார். சாமான்கள் மேலேயே இருந்தன. முன்பக்கக் கிரில் கதவில் பூட்டுத் தொங்கியது.

பங்குனி பிறந்து வெயில் ஏறிய ஒரு மத்தியானம், கரண்ட் போனது. மிஷின் நின்றது. தலைக்கு மேல் தப், சரக். சமையலறையிலிருந்து பால்கனிக்கு. நான் எண்ணினேன். பதினோரு அடி. பிறகு திரும்பி, என் மிஷினுக்கு நேர் மேலே வந்து நின்றது.

என் வீட்டுக்காரரிடம் சொன்னதற்கு, எலியாக இருக்கும் என்றார். இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்டது. வெளியே போய்ப் பார்த்தேன், பூட்டு அப்படியே இருந்தது. அதன் பிறகு கரண்ட் இருக்கும்போதும் மிஷினை நிறுத்திவிட்டுக் காது கொடுக்க ஆரம்பித்தேன். சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது. பிளவுஸ் கொடுக்க வந்த ஒருத்தி மேலே பார்த்து, "மாடிக்குப் புதுசா ஆள் வந்துட்டாங்களாக்கா?" என்றாள். அன்றைக்குத்தான் எனக்கு உடம்பு சில்லிட்டது. அதுவரை என் காதுக்கு மட்டும் கேட்பதாக நினைத்து ஒருவிதத்தில் தைரியமாக இருந்தேன்.

அவள் போனதும் கொல்லைப்பக்கம் போனேன். துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்திலிருந்து மாடிக்கு ஏறும் வளைவு இரும்புப் படி உங்களுக்கு ஞாபகம் இருக்கும், யாரும் அதில் ஏற மாட்டோம். அன்றைக்கு அந்தப் படியில் ஈரக் கால் தடம். ஒரு படியில் முழுப் பாதம், அடுத்த படியில் விரல்களும் முன்பாதமும் மட்டும். குதிகால் இல்லை. பெரிய பாதம். வெயிலில் கீழ்ப்படிகள் காய்ந்துகொண்டே வந்தன, மேல்படிகள் இன்னும் ஈரமாக இருந்தன. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். ஏன் கழற்றினேன் என்று தெரியவில்லை. ஏறும்போது என் வெறுங்கால் அந்தத் தடங்கள் மேலேயே விழுந்தது.

பின்கதவு சாத்தியிருந்தது. தள்ளினேன். கூடத்தில் உங்கள் நீலச் செருப்பு நடந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே பார்க்க எனக்கு ஒரு நொடி பிடித்தது.

அண்ணா.

"ஏனுங்ணா, எப்ப வந்தீங்க?" கதவைப் பிடித்துக்கொண்டே கேட்டேன்.

"காலை ரயிலுக்குங்க அம்மணி. பையன்கிட்ட பேங்க் வேலைன்னு சொல்லிப்போட்டு வாரேன். உங்களத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு பின்னாடியே ஏறிக்கறதுங்க. இப்பக்கூட கீழ எறங்கிக் கால் கழுவிட்டு வந்தேனுங்க. பொழுதோட போயிருவேன்."

வலது குதிகாலைத் தரையில் ஊன்றாமல் நின்றார். காட்டச் சொன்னேன். மறுத்தார். கெஞ்சிய பிறகு நாற்காலியில் உட்கார்ந்து தூக்கிக் காட்டினார். உங்களுக்கு இருந்த அதே இடத்தில், அதே அளவில், மஞ்சள் பூத்து, கறுப்புப் புள்ளிகளோடு. சுற்றிலும் தோல் வெந்து வெள்ளையாகி, ஒரு ஓரம் புண்ணாகிச் சீழ் கோத்திருந்தது. உங்கள் பாட்டிலில் மிச்சம் இருந்ததை அவராகவே ஊற்றியிருக்கிறார். அவருக்குச் சர்க்கரை இருப்பது நமக்குத் தெரிந்ததுதானே.

அன்றைக்கே ஆட்டோ பிடித்து அதே மருத்துவரிடம் கூட்டிப்போனேன். செருப்பையும் கல்லையும் பற்றிச் சொன்னேன். மருத்துவருக்கு அது ஆச்சரியமாக இல்லை. "அவங்க குதிகால் பட்ட எடத்துலதானே இவரு குதிகாலும் படும். இப்படித்தான் வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாதுங்க, ஆனா வரும்" என்றார். பிறகு மருவை இரண்டு பக்கமும் கிள்ளினார்.

"வலிக்குதுங்களா ஐயா?"

"இல்லீங்."

இன்னும் அழுத்திக் கிள்ளினார். இல்லை. நைலான் நரம்பு போன்ற ஒன்றை எடுத்துப் பாதத்தில் அங்கங்கே தொட்டு, தொடும்போது சொல்லச் சொன்னார். அண்ணா கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். மருத்துவர் தொட்டுக்கொண்டே இருந்தார். அண்ணா ஒன்றும் சொல்லவில்லை.

"உணர்ச்சி போயிருச்சுங்க. வலிக்கலைங்கறதுதான் இதுல ஆபத்து. சர்க்கரை இருக்கறவங்க இந்த மருந்தத் தொடவே கூடாது. இன்னும் ரெண்டு வாரம் விட்டிருந்தா கால் எலும்பு வரைக்கும் போயிருக்கும்." எழுதிக்கொண்டே தலை நிமிராமல் கேட்டார், "வலி இல்லைன்னா அப்பறம் ஏனுங்கய்யா நொண்டறீங்க?"

அண்ணா எழுந்து வாசலைப் பார்த்து நடந்தார். ஆட்டோவில் ஏறி, சத்தி ரோட்டு சிக்னலில் வண்டி நின்றபோதுதான் வாயைத் திறந்தார்.

"அவ நடையக் கேக்கோணும்னு நடந்தேனுங்க அம்மணி. மொதல்ல நானா வேணும்னு நடந்தேன். இப்ப நடக்க வேண்டாம்னாலும் கால் அப்படித்தான் போகுது. படி ஏறயில கூட."

நான் அந்தப் பக்கம் திரும்பிக் கடைகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். இன்னொன்றையும் சொன்னார். இந்த மரு போக வேண்டாம் என்று அவருக்குத் தோன்றுகிறதாம். உங்கள் உடம்பில் இருந்தது, இன்னும் உயிரோடு இருப்பது இது ஒன்றுதானே என்றார். நான் கோபப்பட்டேன் அக்கா. காலை எடுத்துவிட்டால் எதை வைத்து நடப்பீர்கள் என்று கத்திவிட்டேன். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அதன் பிறகு அவர் மறுக்கவில்லை. முதலில் புண் ஆறியது. பிறகு வாராவாரம் மருத்துவரே செத்த தோலைச் சீவி, கவனமாகச் சிகிச்சை செய்தார். வீட்டில் ஒரு சொட்டும் கூடாது. நீலச் செருப்பையும் கல்லையும் நான் பையில் கட்டிக் குப்பை வண்டியில் போட்டேன். ரயிலிலிருந்து இறங்கி நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு, மாடியில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுத்தான் போவார். இப்போது முன்பக்கப் படி வழியாகத்தான் ஏறுவார். சித்திரை, வைகாசி, ஆனி என்று மேலே கேட்கும் சரக் கொஞ்சம் கொஞ்சமாகத் தப் ஆனது. எந்த நாளில் முழுசாக மாறியது என்று சொல்லத் தெரியவில்லை. கவனித்துக்கொண்டேதான் இருந்தேன், இருந்தும் தவறவிட்டுவிட்டேன்.

ஐப்பசியில் ஒரு நாள் மருத்துவர் அவர் குதிகாலை விளக்குக்குக் கீழே வெகுநேரம் பார்த்தார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். கறுப்புப் புள்ளி ஒன்றுகூட இல்லை. நின்றுபோயிருந்த ரேகைகள் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு விடாமல் ஓடின, உழுது முடித்த சோளக்காடு மாதிரி.

"ரேகை சேர்ந்துருச்சுங்கய்யா. இனி பயமில்லை."

அண்ணா குனிந்து தன் காலையே பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்ப... போயிட்டாளுங்களா?"

மருத்துவர் பேச்சில் வந்த பிசகு என்று நினைத்து, "ஆமாங்க, போயிருச்சு" என்றார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

கார்த்திகை முதல் வாரம் சாமான்களை ஏற்றிக்கொண்டு அண்ணா மேட்டுப்பாளையத்துக்கே போய்விட்டார். நன்றாக இருக்கிறார். பேரனை நடத்திப் பள்ளிக்குக் கூட்டிப்போகிறாராம். மாடிக்கு அடுத்த மாதம் வேறு குடும்பம் வருகிறது.

எனக்கு ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. தினமும் குளித்ததும் முக்காலியில் உட்கார்ந்து வலது குதிகாலை இரண்டு விரலால் கிள்ளிப் பார்க்கிறேன். அந்த ஈரத் தடங்கள் மேல் நான் வெறுங்காலோடு ஏறி எட்டு மாதம் ஆகிறது. மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும் என்று மருத்துவர் சொன்னாரல்லவா. பயத்தில்தான் பார்க்கிறேன் என்று என் வீட்டுக்காரர் நினைக்கிறார். ரொம்ப நாள் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒன்றும் தட்டுப்படாதபோது நிம்மதிதான் முதலில் வருகிறது. அதற்குப் பின்னால் இன்னொன்றும் வருகிறது, அதற்குப் பெயர் வைக்க எனக்குத் தைரியம் இல்லை.

இன்று காலையும் பார்த்தேன். ஒன்றும் இல்லை அக்கா.

கீழ் வீட்டிலிருந்து,
உங்கள் கண்ணு